கரைக்கும் படகுக்கும் நடுவே ஓர் அடி

(தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் விடுமுறை விட்டதும் நம் வட்டாரத்தில் பாதிப்பேர் சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். கன்னியாகுமரி, தேக்கடி, கொடைக்கானல் என்று எங்கே போனாலும் ஒரு படகுத்துறை வந்துவிடுகிறது. அதனால் இந்த முறை படகில் ஏறுவது, இறங்குவது பற்றிய கேள்விகள் மட்டும்.)

மளிகைக் கடைக்காரர், காரியாபட்டி: குண்டாற்றில் தண்ணீர் ஓடினாலே வேடிக்கை பார்க்கப் போகிறோம். நமக்கு எதற்கு சார் படகுப் பாடம்?

நமக்குத்தான் வேண்டும். பாம்பன் பிள்ளை நடை பழகும் வயதிலேயே வள்ளத்தில் ஏறவும் பழகிவிடுகிறது. நாமோ வருஷத்துக்கு ஒரு தடவை, கூட்டத்தோடு கூட்டமாக, கையில் பை, இடுப்பில் குழந்தை, காலில் புதுச் செருப்போடு ஏறுகிறோம். அவர்களுக்குக் கால் தானாகச் செய்கிற வேலையை நாம் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

வேன் ஓட்டுநர், மல்லாங்கிணறு: படகுச் சவாரியில் ஆபத்தான இடம் எது? நடு ஏரியா?

படகுத்துறை. நடு ஏரியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எடை தாழ்வாக, இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கிறது. கரை நெருங்கும்போது கவனியுங்கள். முதலில் ஒருவர் எழுவார், அவரைப் பார்த்துப் பத்துப் பேர் எழுவார்கள். பையை எடுப்பதும் பிள்ளையைத் தூக்குவதுமாக எல்லோரும் துறை இருக்கும் பக்கமே நகர்வார்கள். அதே நேரத்தில் படகு வேகம் குறைந்து, திரும்பி, சுவரில் ஒரு முறை இடித்து, விலகி, மறுபடி ஒட்டும். எடை மேலே போய், ஒரு பக்கம் குவிந்து, அதன்மேல் ஓர் இடியும் விழுந்தால் யார் நிற்க முடியும்?

முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் கட்டிவிட்டுப் படகுக்காரர் “இறங்குங்க” என்று சொல்லும்வரை உட்கார்ந்தே இருங்கள். முன்கயிறு மட்டும் கட்டியிருந்தால் பின்பக்கம் விலகிக்கொண்டே போகும். கடைசியில் இறங்குகிறவருக்கும் அதே கரைதான் கிடைக்கும்.

துணிக்கடை ஊழியர், அருப்புக்கோட்டை: தேக்கடியில் படகு கவிழ்ந்ததே, அது எப்படி நடந்தது?

2009 செப்டம்பர் 30. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டு தளப் படகு. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. கரையில் விலங்குகளைப் பார்த்ததும் மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள், படகு சாய்ந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அந்த ஏரியில் இருப்பது, பென்னிகுவிக் 1895-ல் கட்டி முடித்த அணையால் தேங்கிய தண்ணீர்தான். சுரங்கம் வழியாக வந்து வைகைப் பாசனத்துக்கும் மதுரைக் குழாய்க்கும் உதவுகிறது. நமக்குச் சோறு போடும் ஏரியில் அத்தனை பேரை இழந்தோம்.

அந்தப் படகு துறைக்கு வந்து சேரவே இல்லை. ஆனால் துறையில் ஒவ்வொரு நாளும் நாம் செய்வதும் அதேதான்: எல்லோரும் ஒரே பக்கம். யானை தெரிந்தாலும் சரி, கரை தெரிந்தாலும் சரி, இருக்கையை விட்டு எழாதீர்கள். கழுத்தைத் திருப்பினாலே போதும்.

பத்தாம் வகுப்பு மாணவர், ஆவியூர்: படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் போகும் என்று நியூட்டனின் மூன்றாம் விதிக்கு உதாரணம் படித்தேன். நிஜத்திலும் அப்படியா?

நிஜத்தில்தான் தம்பி எலும்பு முறிகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர், கட்டாமல் விட்ட 120 கிலோ துடுப்புப் படகிலிருந்து தாவுகிறார் என்று வை. அவர் முன்னால் போகிற வேகத்தில் பாதி வேகத்தில் படகு பின்னால் போகும். தாவுவதற்கு முன் கண் ஒரு தூரத்தை அளந்து வைத்திருக்கும். படகு அசையாது என்று நம்பி எடுத்த அளவு அது. ஒரு கால் கரையில், மறு கால் விலகிப்போகும் படகில் என்று ஆள் பிளந்து நிற்பார், அப்புறம் தண்ணீர்தான்.

கயிறு கட்டியிருந்தால் படகு பின்வாங்க முடியாது. தாவாமல் அடி எடுத்து வைத்தால் உந்தும் விசையும் குறையும். பரீட்சையில் விதியை எழுது, கொடைக்கானல் ஏரியில் கயிற்றைப் பார்.

இல்லத்தரசி, கல்குறிச்சி: எழுபது வயது மாமியாரைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகிறோம். புடவையோடு அவர் படகில் எப்படி ஏறுவார்?

நல்லபடியாக ஏறுவார், நீங்கள் அவசரப்படுத்தாவிட்டால். வரிசையில் நிற்கும்போதே புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிவிடுங்கள். முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகட்டும். வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம். படிகளில் பாசி இருக்கும். குதிகாலில் வார் போட்ட செருப்பு நல்லது.

அவர் கையில் எதுவும் இருக்கக் கூடாது. மஞ்சள் பை, தண்ணீர் பாட்டில், பூக்கூடை எல்லாம் வேறொருவர் கைக்குப் போகட்டும். வீட்டில் திடமானவர் முதலில் ஏறித் திரும்பி நிற்க வேண்டும். இன்னொருவர் துறையில் மாமியாருக்குப் பின்னால் நிற்க வேண்டும். கை கொடுக்கும்போது விரல்களைப் பிடிக்காதீர்கள். அவர் உங்கள் மணிக்கட்டையும் நீங்கள் அவர் மணிக்கட்டையும் பிடியுங்கள். ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும். இழுக்காதீர்கள். தூண்போல் நில்லுங்கள், அவர் தன் வேகத்தில் வரட்டும்.

கால் வைக்கும் இடம் முக்கியம். படகின் விளிம்பில் மிதிக்கக் கூடாது. விளிம்பைத் தாண்டி உள்ளே, முடிந்தவரை நடுவை ஒட்டி வைக்க வேண்டும். சிறிய படகு என்றால் கால் வைத்த கையோடு உட்கார்ந்துவிட வேண்டும். இறங்கும்போது ஒரு விஷயம் கூடுதலாக உண்டு: உட்கார்ந்தே வந்ததில் கால் மரத்திருக்கும். கரை வந்ததும் எழுப்பாமல், இரண்டு காலையும் நீட்டி மடக்கச் சொல்லுங்கள்.

அன்றைக்கு அலை அதிகமாகத் தெரிந்தால், அல்லது அவருக்கே மனம் துணியவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பகவதியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதும் யாத்திரைதான்.

இளம் தாய், முடுக்கன்குளம்: ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறலாமா?

கூடாது. நீங்கள் தடுமாறினால் பிடித்துக்கொள்ள ஒரு கைதான் மிச்சம், விழுந்தால் குழந்தையின் மேலே விழுவீர்கள். ஒரு பெரியவர் ஏறி இரண்டு காலையும் ஊன்றி நிற்கட்டும். துறையில் இருப்பவரும் ஊன்றி நின்று குழந்தையைக் கைமாற்றட்டும். அந்த நேரத்தில் இருவரில் ஒருவரும் அடி எடுத்து வைக்கக் கூடாது.

லைஃப் ஜாக்கெட்டைத் துறையிலேயே மாட்டிவிடுங்கள், திரும்பிவந்து துறையில் நடந்து மேலே போன பிறகு கழற்றுங்கள். பெரியவர்களின் ஜாக்கெட் குழந்தைக்கு உதவாது. தண்ணீரில் அது மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். தொடைக்கு நடுவே வார் போகும் சிறிய ஜாக்கெட்டைக் கேளுங்கள். மாட்டிய பிறகு இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறிவந்தால் அது சரியான அளவில்லை. குழந்தைக்கு ஏற்றது இல்லை என்று சொன்னால் அந்தப் படகு உங்களுக்கு இல்லை.

கல்லூரி மாணவி, விருதுநகர்: ஏறும்போது ஒரு செல்ஃபி?

ஏறி உட்கார்ந்த பிறகு பத்து எடுத்துக்கொள்ளுங்கள் மகளே. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கை படகைப் பிடிக்க, ஒரு கை துணைக்கு. மூன்றாவது கை யாருக்கும் இல்லை.

அச்சக உரிமையாளர், சிவகாசி: போன முறை கன்னியாகுமரியில் வெயில் சுள்ளென்று அடித்தது, காற்றே இல்லை. ஆனாலும் திருவள்ளுவர் சிலைக்குப் படகு இல்லை என்றுவிட்டார்கள். ஏன்?

வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்க முடியாது. அங்கே படகு விடுவது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். சில நாட்களில் கடல் நீர்மட்டம் தாழ்ந்துவிடும். பாறைகள் நிறைந்த இடத்தில் படகு தரைதட்டும்; இறங்கும் மேடைக்கும் படகுக்கும் உயரம் பொருந்தாது. சில நாட்களில் எங்கோ தொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாதபோது வந்து சேரும். ‘கள்ளக்கடல்’ என்கிறார்கள். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துப்போனது அப்படி ஒரு நாளில்தான்.

நடுக்கடலில் அந்த அலையில் படகு மெதுவாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். துறையில் அதே ஏற்ற இறக்கம், அசையாத சுவருக்குப் பக்கத்தில் நடக்கிறது. உங்கள் கால் போகும் பாதையில் படகின் தளம் அரை ஆள் உயரம் எழும்பித் தாழ்கிறது. அதனால்தான் நிறுத்துகிறார்கள். டிக்கெட் கவுண்டரில் சண்டை போடாதீர்கள். அன்றைக்கு உங்களைத் திருப்பி அனுப்பியவர் உங்களுக்கு நல்லதே செய்தார்.

லேசான அலை இருக்கும் நாளில் ஏற நேர்ந்தால் இரண்டு மூன்று அலைகளைப் பார்த்துத் தாளத்தைப் பிடியுங்கள். படகு எழும்பித் துறை மட்டத்துக்கு வந்து ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் அடி வையுங்கள். தாழும்போது வைத்தால் பள்ளத்தில் விழுவதுபோல் கால் போகும், எழும்போது வைத்தால் தளம் முழங்காலை அடிக்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இதுவே முறை. சந்தேகமாக இருந்தால் அடுத்த அலைக்குக் காத்திருங்கள். கடலில் அலைக்குப் பஞ்சமில்லை.

ஆட்டோ ஓட்டுநர், காரியாபட்டி: அங்கேதான் இப்போது கண்ணாடிப் பாலம் வந்துவிட்டதே, இன்னும் படகு எதற்கு?

2024 டிசம்பர் 30 அன்று திறந்த அந்தப் பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கிறது. சிலையடியில் படகிலிருந்து இறங்கும் சிரமத்தை அது தீர்த்தது. ஊர்க்கரையிலிருந்து பாறைக்கு இன்னும் படகுதான்.

இளைஞர், சாத்தூர்: படகு சுவரில் மோதப்போகும்போது கையாலோ காலாலோ தள்ளி உதவலாமா?

துறைச் சுவரில் பழைய லாரி டயர்களைத் தொங்கவிட்டிருப்பது அந்த வேலைக்குத்தான். ஆட்களோடு சேர்த்துப் படகு பல டன் இருக்கும். நடக்கிற வேகத்தில் வந்தாலும் சுவருக்கும் அதற்கும் நடுவில் மாட்டும் எலும்பு தாங்காது. விரல்களை விளிம்புக்கு வெளியே மடக்கிப் பிடிப்பதும், காலை வெளியே தொங்கவிடுவதும், முழங்கையை நீட்டி உட்காருவதும் அதே ஆபத்துதான். உதவ ஆசை இருந்தால் பக்கத்தில் எழுந்து நிற்பவரை உட்காரச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய உதவி படகுக்காரருக்கு இல்லை.

பட்டாசுத் தொழிலாளி, திருத்தங்கல்: ‘இத்தனை பேர்தான்’ என்று படகில் எழுதியிருக்கிறது. கூட ரெண்டு பேர் ஏறினால் மூழ்கியா போகும்?

உங்கள் ஆலையில் மருந்து அடைக்கும் அறைக்கு நான்கு பேர்தான் என்று விதி இருக்கிறது. ஐந்தாவது ஆள் உட்கார்ந்ததும் அறை வெடிப்பதில்லை. ஏதோ ஓர் உராய்வில் வெடிக்கும் நாளில், நான்கு பேருக்கென்று போட்ட அறையில் எட்டுப் பேர் இருந்தால் வாசலுக்கு யார் ஓடுவது? அந்த வேதனையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகின் எண்ணும் அப்படித்தான். அமைதியான தண்ணீரில் கூடுதல் ஆள் தெரியாது. படகு ஒரு பக்கம் சாயும்போதுதான் தெரியும், விளிம்பு தண்ணீரைத் தொட இன்னும் எத்தனை விரற்கடை மிச்சம் என்று.

பழவேற்காடு ஏரியில் 2011 டிசம்பர் 25 அன்று 22 பேர் இறந்தார்கள். கேரளத்துத் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர். வதோதராவின் ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியைகளுமாக 14 பேர். மூன்றிலும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். பதிவும் ஆய்வுச் சான்றும் இல்லாமல் உள்நாட்டு நீர்வழிகளில் இயந்திரப் படகு ஓட்டக் கூடாது என்று 2021-ல் புதுச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் துறைக்கு வந்து நிற்காது, நீங்கள்தான் நிற்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் கயிறு அவிழ்க்கும் முன் இறங்கிவிடுங்கள். காசு போனால் போகட்டும்.

விவசாயி, நரிக்குடி: ஒகேனக்கல் பரிசல் வட்டமாக இருக்கிறதே, எந்தப் பக்கம் ஏறுவது?

பரிசல்காரர் பிடித்திருக்கும் பக்கம். அடிப்பாகம் தட்டையாக, முன்னும் பின்னும் இல்லாமல் இருப்பதால் மிதிக்கிற பக்கம் உடனே தாழும். ஒவ்வொருவராக, குனிந்தபடி நடுவில் கால் வைத்து, அவர் கைகாட்டும் இடத்தில் உட்காருங்கள். எதிரெதிரே எடை சரியாக அமைய வேண்டும் என்பதால்தான் ஆளைப் பார்த்து இடம் சொல்கிறார். குடும்பத்தோடு ஒட்டி உட்கார ஆசைப்பட்டு இடம் மாறாதீர்கள். கரை தட்டியதும் முதலில் இறங்க வேண்டியவர் பரிசல்காரர்தான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருச்சுழி: வ.உ.சி.யின் கப்பலில் அந்தக் காலத்து மக்கள் எப்படி ஏறினார்கள்?

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு வணக்கம் ஐயா. 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தபோது அங்கே கப்பல் வந்து ஒட்டி நிற்கும் ஆழமான துறை கிடையாது. கரையோரம் ஆழம் குறைவு. சுமார் ஐந்து மைல் தள்ளி நங்கூரம் போடுவார்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் சிறு படகில் அவ்வளவு தூரம் போய், ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலுக்கு ஏற வேண்டும். தோட்ட வேலைக்குப் போன நம் வறண்ட சீமைக் குடும்பங்கள் எத்தனை, கடலை முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கே அப்படி ஏறியிருக்கும்! கப்பல் கரையை ஒட்டி நிற்கும் ஆழ்கடல் துறைமுகம் தூத்துக்குடிக்கு வந்தது 1974-ல்.

சென்னையில் அதைவிடச் சிரமம். துறைமுகம் கட்டும்வரை கப்பல் வெளியே நிற்கும். நடுவில் சீறும் அலையைக் கடக்க மசூலாப் படகு. ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தரையில் மோதும்போது ஆணி அடித்த படகு உடையும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். படகு மணலைத் தொட்டதும் பயணிகளைப் படகுக்காரர்கள் தோளில் தூக்கிவந்து இறக்குவார்கள். கரையில் இறங்கும் அந்தக் கடைசிச் சில கஜங்களுக்கென்றே தனிப் படகும் தனி ஆட்களும் இருந்தார்கள் என்றால், அது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தையல்காரர், பந்தல்குடி: 2023 வெள்ளத்தில் தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் தங்கை குடும்பத்தைப் படகில் மீட்டார்கள். ஏறும்போது படகு கவிழப்பார்த்ததாம். எப்படி ஏறியிருக்க வேண்டும்?

அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. படகையே பார்க்காத தெருக்களில் படகு வந்தது. பயத்தில் இருப்பவர்கள் படகைக் கண்டதும் எல்லோரும் ஒரே பக்கம் தாவுவது இயல்பு. அதைத் தடுக்க வீட்டில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். முதலில் யார், அடுத்து யார் என்று படகு வரும்முன்பே முடிவு செய்யுங்கள். மாடியிலிருந்தோ சுவரிலிருந்தோ குதிக்காதீர்கள். ரப்பர் படகின் பக்கக் குழாய்மீது முதலில் உட்காருங்கள், பிறகு காலை உள்ளே போட்டுத் தரையில் நகர்ந்து அமருங்கள். நிற்கவே வேண்டாம். மூட்டை வேண்டாம், மருந்து, ஆதார், ரேஷன் அட்டை மட்டும் பிளாஸ்டிக் பையில். வீட்டு மெயின் சுவிட்சைத் தண்ணீர் ஏறும் முன்பே அணைத்திருக்க வேண்டும். போகிற வழியில் மின்கம்பத்தையோ கம்பியையோ பிடித்துப் படகை நிறுத்த முயலக் கூடாது.

இளைஞர், ஆவியூர்: கண்மாய் நிறைந்திருக்கிறது. தெர்மாகோல் மிதவையில் போய் மீன் பிடிக்கிறோம். அதில் ஏறுவதற்கு யோசனை சொல்லுங்கள்.

ஏறாதீர்கள் என்பதுதான் என் யோசனை. ஏறும்போதும் இறங்கும்போதும் அது புரளும். கரையோரம் கருவேல முள்ளும் சேறும் காலைப் பிடிக்கும். வயிற்றுப்பாட்டுக்காகப் போயே தீர வேண்டியவர் என்றால் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கரையில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுப் போங்கள்.

மருந்துக்கடைக்காரர், காரியாபட்டி: துறைக்கும் படகுக்கும் நடுவில் ஒருவர் விழுந்துவிட்டால்?

முதல் சத்தம் “இன்ஜினை நிறுத்து” என்று இருக்கட்டும். பின்னால் சுழலும் விசிறி கத்தி. இரண்டாவது, படகு சுவரை நெருங்காமல் பார்க்க வேண்டும். அதைப் படகு ஆட்கள் கழியாலும் கயிற்றாலும் செய்வார்கள்; நீங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க ஓடினால் படகு விழுந்தவர் மேலேயே சாயும். மிதவை வளையத்தையோ கயிற்றையோ வீசுங்கள். நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் அந்த இடுக்கில் குதிக்காதீர்கள். விழுந்தவர் நீங்களே என்றால் சுவரைப் பிடித்து ஏறப் பார்க்காமல், படகின் முன்பக்கமாக விலகி வெளியே வாருங்கள்.

ஆசிரியை, காரியாபட்டி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். பள்ளியிலேயே ஏதாவது பழக்க முடியுமா?

முடியும், அவசியம் செய்யுங்கள். மைதானத்தில் சுண்ணாம்பால் படகின் அளவுக்குக் கோடு போடுங்கள். ஒவ்வொருவராக நடுவில் கால் வைத்து ஏறி உட்காரட்டும். “கரை வந்தாச்சு” என்று நீங்கள் கத்துங்கள். எழுந்தவர்கள் தோற்றவர்கள். இரண்டு சுற்றில் கற்றுக்கொள்வார்கள், வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். படகில் முதலில் ஓர் ஆசிரியர் ஏற வேண்டும், கடைசியில் ஓர் ஆசிரியர். இறங்கும்போதும் அதே வரிசை. தலையை எண்ணுவது துறையிலும் படகிலும் தனித்தனியாக நடக்க வேண்டும்.

அலைபேசியில் இந்த எண்களைப் போட்டு வையுங்கள்: கடலில் என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. ஏரி, அணை, ஆறு என்றால் 112. கூப்பிடும்போது எந்தத் துறை, படகின் பெயர் அல்லது எண், எத்தனை பேர் என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.